நான் அழித்த சக்கரம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. உன் அம்மா அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் மூன்று தடவை படித்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பதும், பெங்களூர் மெஸ்ஸில் ரசத்தில்கூட வெல்லம் போடுகிறார்கள் என்பதும், பேக்டரியில் உனக்கென்று ஒரு இருட்டறை கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில்தான் நீ விஷயத்துக்கு வந்திருந்தாய். அதிகாரிகளின் முகப்படம், விழாக்களில் குரூப் போட்டோ, புது மெஷின் வந்து இறங்கினால் அதன் படம், எங்காவது விபத்து நடந்தால் அந்த இடத்தின் படம் என்று உனக்குக் கொடுத்திருக்கும் வேலைகளையெல்லாம் எழுதியிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் கேமராவை எங்கே வைப்பது, எதைப் படத்துக்குள் விடுவது, எதை வெளியே விடுவது என்று எனக்குக் கைவந்ததை எழுதச் சொல்லியிருந்தாய். கடைசியாகச் சொன்ன வேலைதான் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பயப்படுவது நல்லது. எனக்கு அந்தப் பயம் வரவேண்டிய நாளில் வரவில்லை.

சௌக்கியம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி. படிப்பது பேக்டரியில் வேண்டாம், ரூமுக்குப் போய்ப் படி. நீ கேட்டதையெல்லாம் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த வரிசையில். அதிலேயே நீ கேட்காத ஒன்றும் வரும். அது இல்லாமல் மற்றதை எழுதினால் உன்னை ஏமாற்றியதாகிவிடும்.

முகப்படத்தில் நான் முதலில் பழகியது குறையை மறைப்பது. கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் வந்தார். ஒரு கண் மாடு முட்டிப் போனது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் தன் படம் ஒன்று வீட்டில் மாட்ட வேண்டும் என்று ஆசை. வந்து நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தார். அவரை ஜன்னல் பக்கம் பாதி திருப்பி உட்காரவைத்து, நல்ல கண்ணின் மேல் வெளிச்சம் விழும்படியும் போன கண் நிழலுக்குள் போகும்படியும் வைத்தேன். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கண்ணு எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்குதுங்க" என்றார். அந்த வேலையில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. அவர் குறை அவருடையது, மறைக்கச் சொன்னதும் அவர். ஆனால் அன்றிலிருந்து என் கை ஒன்றைப் பழகிக்கொண்டது. யார் வந்து உட்கார்ந்தாலும், எதை நிழலுக்குத் தள்ளுவது என்று என் கண் முதலில் தேட ஆரம்பித்துவிட்டது.

வீட்டுப் படம், கட்டடப் படம் என்றால் கேமராவைத் தாழ்த்தி, ஒரு சுவரை ஒட்டி வை. பக்கத்தில் இருக்கும் தரை பெரிதாக விரியும், சுவர்க்கோடு ஓடிக் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், எட்டுக்குப் பத்து அறைகூடச் சத்திரம் போலத் தெரியும். ஒரு பெண் வீட்டார், சீராகக் கொடுக்கிற வீட்டின் பத்திரத்தோடு அதன் படத்தையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் எடுத்தது. கல்யாணம் முடிந்த மறுவாரம் சம்பந்தி என் கடைக்கு வந்து, "படத்துல ஒரு கூடம் இருந்துச்சே போட்டோக்காரரே, அது எங்கங்க?" என்று கேட்டார். நாம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உனக்கு ஞாபகம் இருக்கும். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பூஜடைப் படம் உனக்குத் தெரியும். பேக்டரியில் அதற்கு வேலை இல்லை என்றாலும் அதையும் எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கோ, வளைகாப்புக்காரிக்கோ ஜடை முழுக்கப் பூத் தைத்துக் கூட்டிவருவார்கள். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் ஜடையும் தெரிய வேண்டும். பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதற்குள் ஜடை விழும்படியும், என் கேமரா அதில் விழாதபடியும் நிறுத்துவேன். இந்தப் படத்துக்காகவே அத்திப்பள்ளி தாண்டியெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எந்தப் பரப்பில் எது பிரதிபலிக்கும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்று கர்வம் எனக்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் நீ நம்பக் கூடாது.

குரூப் போட்டோவில் மனிதர்களைவிட ஓரங்கள்தான் முக்கியம். நடுவில் இருப்பவரை யாரும் வெட்டப் போவதில்லை. மூக்கண்டப்பள்ளி போகிற ரோட்டில் இருக்கும் ரைஸ் மில்லில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான்தான் படம் எடுப்பேன். மில் முதலாளி நடுவில் நாற்காலியில், இரண்டு பக்கமும் அவர் சொந்தக்காரர்கள், கணக்குப்பிள்ளை, எஞ்சின் டிரைவர். பின்னால் பெஞ்சின் மேல் கூலிக்காரர்கள் ஒரு வரிசை. ஒரு வருஷம் அந்த வரிசை நீண்டுவிட்டது. நான் ஐந்தடி பின்னால் போயிருந்தால் எல்லோரும் படத்துக்குள் வந்திருப்பார்கள். ஆனால் முதலாளியின் முகம் சிறுத்துப் போயிருக்கும். நான் பின்னால் போகவில்லை. வலது கோடியில் நின்ற ஆளின் முகம் பாதியோடு நின்றுபோயிற்று. அவன் பெயர் திம்மராயன். நெல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை. படத்தைக் கொடுக்கப் போனபோது எல்லோரும் தங்கள் தங்கள் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுது அரை மொகந்தானுங்களா?" என்று சிரித்தான். "அடுத்த வருஷம் நடுவுல நில்லுப்பா" என்றேன் நானும் சிரித்துக்கொண்டே. அவனுக்கு அடுத்த வருஷம் வரவில்லை.

இப்போது நீ பயப்படும் வேலைக்கு வருகிறேன். நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் காலையில் மில் முதலாளி ஆள் அனுப்பினார், கேமராவோடு உடனே வரச் சொல்லி. போனேன். முந்தின நாள் சாயங்காலம் திம்மராயன் செத்துப் போயிருந்தான். மில்லின் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி, அதன் தலைமாட்டில் ஒரு இரும்புச் சக்கரம். எஞ்சினிலிருந்து பெல்ட் வந்து அந்தச் சக்கரத்தைச் சுற்றும், அது தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட்டும். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் கம்பித் தடுப்புப் போட வேண்டும் என்பது சட்டம். போடவில்லை. திம்மராயன் குனிந்து நெல்லைக் கிளறும்போது தோளில் கிடந்த துண்டு பெல்ட்டில் மாட்டி அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பை எடுத்துவிட்டார்கள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சக்கரத்தின் ஆரக்காலில் துண்டின் ஒரு முழம் சிக்கி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

முதலாளி கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, மிரட்டவும் இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார். "சேலத்துல இருந்து பேக்டரி இன்ஸ்பெக்டர் வர ஒரு வாரம் ஆகும். இன்னிக்கு எடம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு படம் வேணும்ங்கறாங்க. நடக்கறதுக்கு எவ்வளவு எடம் இருக்குதுன்னு தெரியற மாதிரி எடுங்க. சக்கரம் எதுக்கு, அது வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். வேண்டாததை வெளியே விடுவது என் தொழில். யாருக்கு வேண்டாதது என்று கேட்பது என் தொழில் இல்லை என்று அன்று நினைத்தேன்.

ஸ்டாண்டைத் தாழ்த்தினேன். தொட்டியின் சுவரை ஒட்டி வைத்தேன். நடைபாதை இரண்டு முழம்கூட இருக்காது, படத்தில் வண்டி போகலாம் போல விரிந்தது. கேமராவின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன், சக்கரம் மேல்கோட்டுக்கு வெளியே போய்விட்டது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும், உனக்குத் தெரியும். நடைபாதை மேலே, கூரை கீழே. இத்தனை வருஷத்தில் தலைகீழ் உலகம் எனக்குப் பழகிவிட்டது. மனிதர்கள் அதில் மனிதர்களாகத் தெரிய மாட்டார்கள், வெளிச்சமும் இருட்டுமாகத்தான் தெரிவார்கள். ஆனால் அன்று அந்தக் கண்ணாடியில் ஒன்று மட்டும் நேராக இருந்தது. எஞ்சின் நின்றுபோனதால் தொட்டித் தண்ணீர் அசையவில்லை. படத்துக்கு வெளியே நான் தள்ளிய சக்கரம் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. தடுப்பில்லாத சக்கரம், அதில் தொங்கும் துண்டு. தண்ணீரில் தலைகீழாக விழுந்தது, கண்ணாடியில் இன்னொரு தடவை தலைகீழாகி, நேராக நின்றது. துண்டும் கீழ்நோக்கியே தொங்கியது. நான் பார்த்தேன், தம்பி. நன்றாகப் பார்த்தேன். தெரிந்தேதான் பிளேட்டைச் செருகி, லென்ஸ் மூடியைக் கழற்றி விநாடிகளை எண்ணினேன்.

அதோடு விட்டிருந்தாலும் இன்று தலை நிமிர்ந்து எழுதியிருப்பேன். முதலாளி சொன்னபடி நின்றேன், விழுந்தது விழுந்தது, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கலாம். மத்தியானம் படம் பதிந்த கண்ணாடிப் பிளேட் காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சக்கரம் தெளிவாக இருந்தது. வேண்டாம் என்று சொன்ன பொருள் படத்தில் இருக்கிறதே, வேலை தெரியாதவன் என்று சொல்லிவிடுவாரே என்றுதான் என் மனசு போயிற்று. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது, பயத்தைவிட அதுதான் முன்னால் நின்றது. ரீடச்சிங் மேஜையில் பிளேட்டைச் சாய்த்து, வார்னிஷ் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால், தண்ணீரில் சக்கரம் இருந்த இடத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பினேன். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் அம்மைத் தழும்பை நிரப்புவேனே, அதே பென்சில், அதே கை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. துண்டு கடைசியாகப் போயிற்று. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. முதலாளிக்கு அப்படி ஒன்று தண்ணீரில் இருந்ததே அன்று தெரியாது. நானாகச் செய்தேன்.

உன் அம்மா நடுவில் காபி கொண்டுவந்தாள். "வெறும் தண்ணியப் போயி இவ்வளவு நேரமா என்னத்துக்குங்க தேய்ச்சுட்டு இருக்கறீங்க?" என்றாள். நான் அடுத்த புள்ளியை வைத்தேன். அவள் குனிந்து பிளேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கம்பித் தடுப்பு வந்துவிட்டது. பெயிண்ட் அடித்து, மேலே கொஞ்சம் புழுதியும் போட்டு, காலம் காலமாக இருப்பது போல வைத்துவிட்டார்கள். எப்போதுமே இருந்தது என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் எடுத்த படம் என்று என் படத்தைக் காட்டினார்கள். அதில் விசாலமான நடைபாதை, சுத்தமான தொட்டி, வெறும் தண்ணீர். தடுப்பு இல்லை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கூலிக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திம்மராயன் குடித்துவிட்டுப் போய்த் தடுப்புக்குள் கையை விட்டான் என்று எழுதி முடித்தார்கள். அவன் பெண்டாட்டி நாகம்மாவுக்கு முதலாளி இரக்கப்பட்டு, புருஷன் பார்த்த தொட்டி வேலையையே கொடுத்தார். ஊரில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். ஒரு மாசம் கழித்து, பெல்ட் இழுத்துக் கட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்தார்கள். அதில் கீரைக்கொடி படர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நாகம்மா அந்த நாட்களில் ஒரு தடவை ஸ்டூடியோவுக்கு வந்தாள். வீட்டில் விளக்கேற்ற அவன் படம் ஒன்று வேண்டும் என்றாள். என்னிடம் இருந்தது அந்த ஆயுத பூஜைக் குரூப் மட்டும்தான். பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. பக்கத்தில் வெட்டு. "இன்னொரு பக்கம் இல்லீங்களா சாமி?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். இத்தனை வருஷமாக அவள் அந்தப் பாதி முகத்துக்குத்தான் பூ வைக்கிறாள்.

உனக்கு இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டும். அந்த மில் படத்தின் ஒரு பிரிண்டை நான் சாம்பிள் ஆல்பத்தில் ஒட்டிவைத்தேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும், நன்றாக வந்த படம் என்று ஒட்டினேன். என் புத்தி அப்படி. நீ பத்தாவது படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மத்தப் படத்தைவிட இதுதான்பா நல்லா இருக்கு. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க" என்றாய். கோடு எப்படி உள்ளே இழுக்கிறது, காலி இடத்தை எப்படிக் காலியாக விட வேண்டும் என்று அந்தப் படத்தை வைத்துத்தான் நீ பழகினாய். நீ இன்று எடுக்கும் படங்களில் அந்த அமைப்பு இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. போன மாசம் நீ அனுப்பிய லேத் மெஷின் படத்தை அந்த ஆல்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேமரா தாழ்ந்திருந்தது, ஓரமாக நின்றிருந்தது, தரை விரிந்திருந்தது. என் கையெழுத்தை வேறொருவர் போட்டது போல இருந்தது.

நீ பெங்களூர் போய்ச் சரியாகப் பன்னிரண்டாம் நாள் நாகம்மாவின் வலது கை போயிற்று. அதே தொட்டி, அதே சக்கரம். முந்தானை மாட்டி, அதை இழுக்கப் போன கையை பெல்ட் எடுத்துக்கொண்டது. லாரியில் போட்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொன்னாள், எழுதவில்லை.

மறுநாள் முதலாளி ஆள் அனுப்பவில்லை, அவரே கடைக்கு வந்தார். "போன தடவ நின்ன எடத்துலயே நில்லுங்க போட்டோக்காரரே. அந்தப் படம் ரொம்ப நல்லா வந்துச்சு" என்றார். நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அதே இடத்தில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். துணிக்குள் தலையை விட்டபின் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேமராவின் மூக்கை மேலே தூக்கினேன். எதையும் நட்ட நடுவில் வைக்காதே, படம் செத்துவிடும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சக்கரத்தை நட்ட நடுவில் வைத்தேன். ஓரத்தில் சுவரில் சாத்தியிருந்த கம்பித் தடுப்பும் விழுந்தது, அதன் மேல் படர்ந்த கொடியும் விழுந்தது. அழகான படம் இல்லை. பார்த்தால் உடனே புரியும், அவ்வளவுதான் அதன் குணம். பிரிண்டை முதலாளிக்குக் கொடுக்கவில்லை. சேலத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்தார், நேரே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இளவயசு, முன்பு வந்தவர் இல்லை. பழைய பைலைப் பிரித்து என் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். "இப்ப ரிப்பேருக்காகக் கழட்டினோம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தடுப்பு இருந்துச்சு, அப்ப எழுதின ரிப்போர்ட்டைப் பாருங்கன்னு அவங்க சொல்றாங்க. இந்தப் படமும் நீங்க எடுத்ததுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதுல மறைஞ்சது ஏதாச்சும் இருக்குதா?" என்றார். பிளேட் இருக்கிறது, தேடிக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை.

நாகம்மாவையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தான். நாற்காலியில் உட்காரவைத்தேன். என் கை என்ன செய்தது தெரியுமா? அவளைப் பாதி திருப்பியது. இடது தோளை முன்னால் கொண்டுவந்து, கட்டுப் போட்ட பக்கத்தை நிழலுக்குள் தள்ளி, முந்தானையால் மூடியது. முப்பது வருஷப் பழக்கம். "எதுக்குங்க சாமி திருப்பறீங்க?" என்றாள். நான் விழித்தேன். "கையி இல்லைன்னுதானே படமே எடுக்கறது. அதையே மறைச்சுப்புட்டா அப்பறம் என்னத்தக் காட்டறது?" என்று சொல்லிவிட்டு அவளே நேராகத் திரும்பி, முந்தானையை இடது கையால் விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். இந்த வேலையில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிதாக எதையும் சொல்லித்தந்ததில்லை.

படம் எடுத்து முடித்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். தண்ணீரில் சக்கரம் இருந்ததையும், துண்டு இருந்ததையும், நான் பென்சில் வைத்ததையும். அவள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான், அடிப்பான் என்றுதான் நினைத்தேன், அடித்திருக்கலாம். நாகம்மா அழவில்லை. "அவுரு குடிக்க மாட்டாருங்க சாமி. ஒரு நாளும் குடிச்சதில்ல. அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கையி இருந்திருக்கும்." நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். எப்படியோ செய்தி போயிருக்கிறது. இந்தத் தடவை காபி இல்லை, நான் கொடுத்த காபியையும் தொடவில்லை. "உங்க பையனுக்கு பேக்டரியில எடம் கெடைச்சது யாரு லெட்டருலன்னு ஞாபகம் இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சுத்தான் பர்மனெண்டு பண்ணுவாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நன்னடத்தைக்கு அவர் கொடுத்த கடிதத்தை நான்தான் கை கட்டி நின்று வாங்கிவந்தேன். அதை வாங்கும்போது எனக்கு அந்தப் பிளேட் ஞாபகம் வந்தது. வந்தும் வாங்கினேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. உன் அம்மா அதை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "பையன் இப்பத்தான் போயி ஒக்காந்திருக்கறான். ஆறு மாசம் போகட்டுமே, அதுக்குள்ள எதுக்குங்க?" என்றாள். ஆறு மாசத்தில் நாகம்மாவின் கையில் புண் ஆறியிருக்கும், பைலும் மூடியிருக்கும், வேறொருத்தி அந்தத் தொட்டியில் குனிந்துகொண்டிருப்பாள் என்றேன். அவள் உன் கடிதத்தை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். பிறகு, "எழுதறதுன்னா முழுசா எழுதுங்க. நான் காபி கொண்டாந்ததையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் போகிறேன். பிளேட்டில் பென்சில் வைத்தது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். என்மேலும் கேஸ் வரலாம். கடையை மூட வேண்டி வரலாம். உன் வேலைக்கும் ஆபத்து வரலாம், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டு செய்வதாக இருந்தால் நீ வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் கொடுத்ததாகிவிடும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். அதனால் கேட்கவில்லை, சொல்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். உன் வேலை போனால் அதற்கும் காரணம் நான்தான், மில் முதலாளி இல்லை. அதை மட்டும் யாரிடமும் மாற்றிச் சொல்லாதே.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் சின்னது. விபத்து நடந்த இடத்துக்குப் போனால், யார் வந்து எங்கே நிற்கச் சொன்னாலும், முதலில் அடிபட்டவன் நின்ற இடத்தில் நீ போய் நில். அங்கிருந்து அவனுக்கு என்ன தெரிந்ததோ அது படத்தில் இருக்க வேண்டும். பிறகு பின்னால் போ, ஓரத்தில் இருப்பவர்கள் உள்ளே வருகிறவரைக்கும் போ. நடுவில் இருக்கும் முகம் சிறுத்தால் சிறுக்கட்டும். வேண்டாததை வெளியே விடு என்று யாராவது சொன்னால், யாருக்கு வேண்டாதது என்று வாய்விட்டுக் கேள். கேட்டால் வேலை போகலாம். கேட்காவிட்டால் என்ன போகும் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

இன்று காலையில் பழைய பெட்டியைக் கிளறி அந்தப் பிளேட்டை எடுத்தேன். பஞ்சில் டர்பன்டைன் நனைத்து, தண்ணீர் இருந்த இடத்தை மெதுவாகத் துடைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து நான் வைத்த பென்சில், இரண்டு நிமிஷத்தில் பஞ்சோடு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்தச் சக்கரம் அங்கேயே இருந்திருக்கிறது, நான் மேலே மூடிவைத்தேனே தவிர, அழிக்க எனக்குச் சக்தி இருக்கவில்லை. வெயிலில் வைத்து இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று வெள்ளிக்கிழமைக்கு. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆல்பத்தில் நீ பார்த்த அதே படம்தான். நடைபாதையைப் பார்க்காதே, கோட்டைப் பார்க்காதே. எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நீ சொன்னாயே, அந்தத் தண்ணீரைப் பார்.

உன் அப்பா